பதினொன்றாம் அறைச் சீட்டு

புதன்கிழமை காலை ஏழரைக்கு
மூடுபனி என் ஜன்னலுக்கு முன்னால் வந்து
முதல் ஆளாக நிற்கும்.
அதற்குச் சீட்டு எழுத வேண்டியதில்லை.

பிறகு வருகிறவர்களிடம்
பெயர், வயசு, ஊர், என்ன செய்யுது.
கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில்
பதினெட்டு வருஷமாக நான் கேட்கிற நாலு கேள்வி.
மூன்றுக்குப் பதில் சத்தமாக வரும்.

நாலாவதில் குரல் இறங்கினால்
நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.
"தூக்கமில்ல."
"நெஞ்சு படபடங்குது, ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்."
"எனக்கில்ல, தம்பிக்கு" என்பார்கள்
தம்பியே இல்லாதவர்கள்.
பேனா தானாக 11 போடும்.

முன்பு அது எக்ஸ்ரே அறை.
கதவுக்கு மேல் சிவப்பு பல்பு இருக்கிறது, எரியாது.
ஊட்டியிலிருந்து டாக்டர் நஸ்ரீன் வருவார்
புதன்தோறும்,
தொட்டபெட்டா பக்கம் மண் சரியாத புதன்தோறும்.

'மனநலப் பிரிவு' என்று
நீல எழுத்தில் ஒரு பலகை வந்தது மேலிடத்திலிருந்து.
அதை ஸ்டோரில் வைத்துப் பூட்டியது யாரென்று
யாரும் கேட்கவில்லை.
சாவி என் இடுப்பில்.

இந்த ஊர் எனக்குத் தெரியும்.
காலையில் பஸ் ஸ்டாண்டில் தும்மினால்
சாயங்காலம் கட்டபெட்டில் விசாரிப்பார்கள்.
சர்க்கரைக்காரர், பிரஷர்காரர், கால் சுளுக்கியவர் நடுவே
இவர்களும் நிற்கலாம் என்பதுதானே ஆஸ்பத்திரி?
மருந்து ஜன்னலும் ஒன்று, பழுப்புக் கவரும் ஒன்று.

பவளக்கொடி கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தாள்,
டேன்டீ லயத்திலிருந்து.
குழந்தை அழுதது. அவள் சுவரைப் பார்த்திருந்தாள்.
ஊசி போட்ட சிஸ்டர் ஒன்றும் கேட்காமல்
ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அவள்,
பத்தடி நடந்தார்.
அந்தப் பத்தடிக்குச் சீட்டு நான் பிறகு எழுதினேன்.

ஹாலன் வேறு மாதிரி.
பச்சைத் தேயிலை கிலோ பன்னிரண்டுக்கு இறங்கிய வருஷம் வந்தவர்.
வராந்தாவில் மச்சான் பார்த்துவிட்டார்.
"இங்க என்ன?"
"நாய்க்கடி."
அடுத்த மாதமும் அதே மச்சான், முட்டிவலிக்கு.
"இன்னுமா? நாலு ஊசியோட முடியுமே?"
"இது வேற நாய்."
சீட்டில் கிறுக்குவதுபோல் குனிந்து சிரித்தேன்.
அவரும் சிரித்தார், ஆறு மாதத்தில் முதல் தடவை என்று
அவர் மனைவி பின்னால் சொன்னார்.

சரியாகத்தான் செய்கிறேன் என்றிருந்தேன்.

ஆனி மாதம், சாரல்.
சிவப்பு ஸ்வெட்டர், இருபது வயசிருக்கும்.
என்னிடம் வரவேயில்லை.
வராந்தாவில் ஒவ்வொரு கதவாகப் படித்தான்:
கண், பல், காசநோய், மகப்பேறு.
கடைசிவரை போய்த் திரும்பி வந்து
மறுபடி முதலிலிருந்து படித்தான்.
எனக்கு முன்னால் எழுபது பேர்.
நிமிர்ந்தபோது
ஒன்பதே முக்கால் பஸ்ஸில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த புதன் வரவில்லை.
அதற்கடுத்த புதனும்.
பேர் தெரியாதவனை எந்த ரிஜிஸ்டரில் தேட?
ஒருவேளை பல்வலியாக இருக்கலாம்.
பல் என்ற கதவை அவன் இரண்டு தடவை தாண்டினான்.

நேற்றுப் பூட்டைத் திறந்தேன்.
பலகையில் பல்லி முட்டையிட்டிருந்தது.
துடைத்து, பதினொன்றுக்கு வெளியே சாய்த்து வைத்தேன்,
மாட்டத் துணிவில்லை, தரையில்.

இன்று முதலில் வந்தவர் ஹாலன்.
நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.
வரிசை அவரைப் பார்த்தது. மச்சானும் இருந்தார்.
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

ஹாலன் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார்.
பலகையைத் தூக்கிச் சிவப்பு பல்புக்குக் கீழே பிடித்து
"நேரா இருக்கா?" என்றார் வரிசையிடம்.
"எடது பக்கம் கொஞ்சம் ஏத்து," என்றார் மச்சான்.

"சீட்டக்கா,
ஆணி இருக்கா உங்ககிட்ட?"